ஓபினெலா, ஸ்பார்ட்டனா? முதல் பேனாக்கத்தி வாங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

கூரியர் பெட்டியின் டேப்பை வீட்டுச் சாவியால் கிழிப்பவரா நீங்கள்? மிக்சர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறப்பவரா? பயணத்தில் வாங்கிய கொய்யாவை நறுக்க வழியில்லாமல் அப்படியே கடித்துக்கொண்டு வருபவரா? அப்படியென்றால் உங்களுக்கு ஒரு பேனாக்கத்தி வேண்டும்.

எந்தக் கத்தி என்று விசாரிக்கப் போனால் ஆளுக்கு ஒரு மாடல் சொல்வார்கள். நான் இரண்டை மட்டும் மேசையில் வைக்கிறேன். ஒன்று பிரான்சின் ஓபினெல் 6ஆம் எண். மற்றது சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் ஸ்பார்ட்டன். மடித்து வைத்தால் இரண்டும் 9 செ.மீ.க்குச் சற்று மேல். அலகு இரண்டிலும் ஏறக்குறைய 7 செ.மீ. சட்டைப் பையில் போட்டால் எது எது என்று நீளத்தை வைத்துச் சொல்ல முடியாது. எடையில் தெரியும்: ஓபினெல் சுமார் 30 கிராம், ஸ்பார்ட்டன் அதைப்போல் இரு மடங்கு. கையில் எடுத்து வேலை செய்ய ஆரம்பித்தால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இரண்டின் பிறப்பு

ஆல்ப்ஸ் மலையின் பிரெஞ்சுப் பக்கம், சவோய் வட்டாரம். கோடரியும் அரிவாளும் அடிக்கும் பட்டறைக் குடும்பத்துப் பிள்ளை ஜோசப் ஓபினெல், 1890இல் விவசாயிகளுக்காக ஒரு மடக்குக் கத்தி செய்தார். 1897இல் அதை 1 முதல் 12 வரை எண்ணிட்ட அளவுகளாக்கினார். அந்த எண் முறைதான் இன்றும். மரப்பிடி, அலகு, ஓர் ஆணி, இரண்டு உலோக வளையங்கள். மொத்தம் ஐந்தே பாகங்கள். ஐந்தாவதான பூட்டு வளையம்கூட 1955இல்தான் வந்தது. அதற்கு முன் நான்கோடு ஓடியது.

அதே மலைத்தொடரின் சுவிஸ் பக்கம், இபாக் என்ற ஊரில் கார்ல் எல்சனர் 1884இல் கத்திப் பட்டறை தொடங்கினார். 1891இல் சுவிஸ் ராணுவத்துக்கு முதல் கத்திகளைக் கொடுத்தார். 1897இல் அதிகாரிகளுக்கென்று அவர் பதிவு செய்த கத்தியில் ஒரு தந்திரம் இருந்தது: இரண்டே ஸ்பிரிங், ஆறு கருவிகள். ஒரே ஸ்பிரிங் முன்பக்கக் கருவியையும் பின்பக்கக் கருவியையும் சேர்த்துத் தாங்கும். ஸ்பார்ட்டன் அந்த வம்சம். ‘ராணுவக் கத்தி’ என்று ஊரெல்லாம் சொன்னாலும், சுவிஸ் சிப்பாய்க்குத் தரும் கத்தியில் கார்க் திருகி ஒருபோதும் இருந்ததில்லை. அது அதிகாரிகள் கத்தியின் சொகுசு.

படி 1: ஒரு வாரம் கணக்கு எழுதுங்கள்

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு வாரம், கத்தி கையில் இருந்திருக்கலாமே என்று தோன்றும் ஒவ்வொரு முறையும் போனில் ஒரு வரி குறித்து வையுங்கள். என்ன வெட்ட நினைத்தீர்கள், எங்கே இருந்தீர்கள், அவ்வளவு போதும்.

நான் எழுதிய பட்டியலில் பாதிக்கு மேல் டேப்பும் கவரும். அடுத்தது பழம். கத்தியே தேவைப்படாத சில வரிகளும் வந்து விழுந்தன: சோடா மூடி, கழன்ற பிளக்கின் திருகு, விரலில் ஏறிய சிலாம்பு. அந்த வரிகள்தான் தீர்ப்பு சொல்பவை. அவை நிறைய இருந்தால் ஸ்பார்ட்டன். அதில் பெரிய அலகு, சின்ன அலகு, டப்பா திறப்பான், மூடி திறப்பான், துளையிடும் ஊசி, கார்க் திருகி, பிடிக்குள் செருகிய இடுக்கி, பல்குத்தி எல்லாம் உண்டு. டப்பா திறப்பானின் நுனி சின்ன நட்சத்திரத் திருகையும் திருப்பும். மூடி திறப்பானின் நுனி பெரிய தட்டைத் திருகுக்கு.

கார்க் திருகியைப் பார்த்து, “நமக்கெதற்கு இது?” என்று கேட்பவர்கள் உண்டு. இறுகிப்போன கயிற்று முடிச்சை அவிழ்க்க அதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. அதன் சுருளுக்குள் மாட்டிக்கொள்ளும் குட்டித் திருப்புளியைத் தனியாக வாங்கலாம். மூக்குக்கண்ணாடிக் கம்பி கழன்றுவிழும் நாளில் அதன் அருமை தெரியும்.

பட்டியல் முழுக்கப் பழம், காய், ரொட்டி, வெண்ணெய் என்று இருந்தால் மேலே சொன்ன எதுவும் உங்களுக்கு வேண்டாம். ஓபினெல் பக்கம் வாருங்கள்.

படி 2: வெட்டும் விதத்தைப் பாருங்கள்

இரண்டும் மெல்லிய அலகுகள், இரண்டும் நன்றாக வெட்டும். ஆனால் ஓபினெலின் உருண்ட மரப்பிடி உள்ளங்கையில் நிறைந்து உட்காரும். அரை மணி நேரம் மாங்காய் கீறினாலும் கை வலிக்காது. ஸ்பார்ட்டனின் பிடி தட்டை. முதுகுப் பக்கம் கார்க் திருகியும் ஊசியும் மடிந்து கிடப்பதால், அழுத்தி வெட்டும்போது உள்ளங்கையில் உறுத்தும். பார்சல் பிரிக்க இது ஒரு பொருட்டே இல்லை. நாலு பேருக்குச் சாலட் நறுக்கும்போது தெரியும்.

சுத்தம் செய்வதில் ஓபினெலுக்கு ஒரு குறை. மரத்தில் கீறிய பள்ளத்துக்குள் பழச்சாறு இறங்கினால் லேசில் வராது. ஸ்பார்ட்டனை வெந்நீரில் போட்டு, கருவிகளைத் திறந்து மூடி அலசிவிடலாம். டேப் வெட்டிய பசை அலகில் ஒட்டியிருக்கும்போதே ஆப்பிளை அறுக்க வேண்டாம். ஸ்பார்ட்டனில் சின்ன அலகை உணவுக்கென்றே ஒதுக்கி வைப்பது என் வழக்கம்.

படி 3: எந்த எஃகு?

ஸ்பார்ட்டனில் யோசிக்க ஒன்றுமில்லை, துருப்பிடிக்காத எஃகு ஒன்றுதான். கடினம் ராக்வெல் அளவில் 56 என்று நிறுவனம் சொல்கிறது. அதன் பொருள், சீக்கிரம் மழுங்கும், சீக்கிரமே தீட்டவும் வரும். புதிதாகத் தீட்டக் கற்பவருக்கு இது வரம்.

ஓபினெலில் இரண்டு வகை. ஒன்று கார்பன் எஃகு, மற்றது ஸ்வீடனின் சாண்ட்விக் 12சி27 என்ற துருப்பிடிக்காத எஃகு. அலகில் ‘இனாக்ஸ்’ என்று பொறித்திருந்தால் இரண்டாவது வகை.

கார்பன் எஃகு எப்படி நடந்துகொள்ளும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாட்டி வீட்டு இரும்பு அரிவாள்மனையை நினைத்துக்கொள்ளுங்கள். மாங்காய் நறுக்கினால் கறுக்கும், வாழைப்பூ அரிந்தால் கறை ஏறும், துடைக்காமல் விட்டால் காலையில் துருப்பூத்திருக்கும். ஆனால் கூர் பயங்கரம். ஓபினெல் கார்பனும் அப்படியே. புளிப்பு பட்டுப்பட்டு அலகு முழுக்கச் சாம்பல் நிறம் படர்ந்துவிட்டால் பயப்பட வேண்டாம், அந்தப் படலம் செந்துருவைக் கொஞ்சம் தடுக்கும். செம்மண் நிறத்தில் பொடி தட்டினால்தான் கவனிக்க வேண்டும்.

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடல்காற்று வீசும் ஊர்க்காரர் முதல் கத்தியாக இனாக்ஸையே வாங்குங்கள். கார்பனின் அழகை இரண்டாவது கத்தியில் ரசிக்கலாம்.

படி 4: பூட்டு இருக்கிறதா?

ஸ்பார்ட்டனில் பூட்டு கிடையாது. திறந்த அலகை ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். கூர்ப்பக்கமாக அழுத்தி வெட்டும்வரை எந்த ஆபத்தும் இல்லை. நுனியால் குத்தினாலோ, முதுகுப் பக்கம் அழுத்தம் போனாலோ அலகு மடங்கி விரல்மேல் விழும். எண்ணெய்க் கேனில் ஓட்டை போடப்போய் இந்தப் பாடத்தை நான் ஆட்காட்டி விரலில் எழுதிக்கொண்டேன். அதே கத்தியில் ஓட்டை போடவென்றே ஊசி இருந்ததை அப்போது நினைக்கவில்லை.

ஓபினெலில் அலகைத் திறந்ததும் கழுத்து வளையத்தை ஒரு திருகு திருகினால் பூட்டிக்கொள்ளும். 2000ஆம் ஆண்டுக்குப் பின் வந்தவற்றை மூடிய நிலையிலும் பூட்டலாம், பையில் தானாகத் திறக்காது. திருகுவது உங்கள் பொறுப்பு. திருகாத ஓபினெலில் ஸ்பிரிங்கும் இல்லை, பூட்டும் இல்லை. மரத்தின் இறுக்கம் மட்டுமே அலகைப் பிடித்திருக்கும். திற, திருகு, வெட்டு என்ற வரிசை கைக்குப் பழகும்வரை யாருடனும் பேசிக்கொண்டே வெட்டாதீர்கள்.

குழந்தைக்கு என்றால் 7ஆம் எண்ணில் நுனி மழுங்கிய மாடல் ஒன்றை ஓபினெல் தனியாகவே விற்கிறது. பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அதற்கும் பொருந்தும்.

படி 5: எங்கே கொண்டுபோகப் போகிறீர்கள்?

இந்தியாவில் ஆயுதச் சட்ட விதிகள் கவலைப்படுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைப் பற்றி. வீட்டு வேலை, விவசாய வேலைக்கானவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. நம் இரண்டு கத்திகளும் அந்த எல்லையின் கிட்டவே வராது. ஆனால் மெட்ரோ நிலைய வாசலில் பையை ஸ்கேன் செய்பவரிடம் அங்குலக் கணக்கு பேச முடியாது. விமானத்தில் கைப்பையில் கூடவே கூடாது, செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். இந்த ஞானம் வருவதற்குள் ஒரு நல்ல கத்தியை விமான நிலையத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தவன் நான். பயணப் பையை அடுக்கும்போதே கத்தி எந்த அறையில் இருக்கிறது என்று தொட்டுப் பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது.

லண்டனில் இருக்கும் தம்பிக்கோ மகளுக்கோ பரிசாக வாங்குகிறீர்களா? அங்கே கதை வேறு. பொது இடத்தில் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ள, மடக்குக் கத்தியின் கூர்வாய் 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 செ.மீ.க்கு மிகாமல் இருக்க வேண்டும், பூட்டும் இருக்கக் கூடாது. ஸ்பார்ட்டன் தேறிவிடும். ஓபினெல் 6 நீளத்தில் தேறினாலும் பூட்டு வளையத்தில் மாட்டிக்கொள்ளும். நியாயமான காரணம் இல்லாமல் அதோடு தெருவில் நடந்தால் குற்றம். விரலைக் காக்கும் அதே வளையம் அங்கே வழக்கில் மாட்டிவிடும். வீட்டுச் சமையலறைக்கு மட்டும் என்றால் எதுவும் பிரச்சினை இல்லை.

என் தீர்ப்பு

அலுவலகப் பை, பைக் பெட்டி, ரயில் பயணம் என்று கலவையான வாழ்க்கைக்கு ஸ்பார்ட்டன். மதிய உணவு டப்பாவோடு, தோட்டத்தில், மலையேற்றத்தில் உணவு வேலைக்கென்றால் ஓபினெல் இனாக்ஸ். வாரக் கணக்கு பாதிப் பாதியாக வந்து குழம்பினால் ஸ்பார்ட்டனையே எடுங்கள். பழத்தை அதனாலும் நறுக்கலாம், ஆனால் ஓபினெலால் திருகைத் திருப்ப முடியாது. முயன்றவர்களின் கத்தி நுனியைப் பார்த்திருக்கிறேன்.

படி 6: கடையில் பார்க்க வேண்டியவை

இரண்டுக்குமே போலிகள் உண்டு. ஸ்பார்ட்டனின் பெரிய அலகின் அடியில் நிறுவனப் பெயர் தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும். ஒவ்வொரு கருவியும் ‘டக்’ என்று திறந்து ‘டக்’ என்று மூட வேண்டும். கொழகொழவென்று ஆடினால் வைத்துவிடுங்கள். அலகை முழுக்கத் திறந்து பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், அசையக் கூடாது.

ஓபினெல் அலகில் மகுடம் சூடிய கை முத்திரை இருக்கும். மூடிய நிலையில் அலகு பள்ளத்தின் நடுவில் உட்காருகிறதா, வளையம் வழுக்காமல் திரும்புகிறதா என்று பார்த்தால் போதும். மரம் என்பதால் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறும். இரண்டு மூன்றை எடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

படி 7: மழையும் சாணையும்

ஐப்பசி மழை தொடங்கியதும் ஓபினெல்காரர் ஒரு விஷயத்தைக் கவனிப்பார்: அலகு திறக்க வராது. மரம் ஈரத்தைக் குடித்து ஊதி, அலகை இறுக்கிவிடும். நகத்தால் மல்லுக்கட்ட வேண்டாம். வளையத்தின் பூட்டை விடுவித்து, பிடியின் அடிப்பக்கத்தை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டுங்கள். அலகு பிடி கொடுக்கும் அளவுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். சவோய்க்காரர்களின் கைவித்தை இது, அங்கே அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. பிறகு மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் உலர விடுங்கள். மொட்டைமாடி வெயில் வேண்டாம், பிடி வெடிக்கலாம்.

தீட்டுவதற்குத் தெருவில் வரும் சாணைக்காரரிடம் இந்தக் கத்திகளைக் கொடுக்காதீர்கள். அவர் வேலையில் குறையில்லை, வெட்டுக்கத்திக்கும் அரிவாளுக்கும் அவர்தான் ராஜா. ஆனால் சுழலும் சக்கரம் இவ்வளவு மெல்லிய அலகைச் சூடேற்றி, எஃகின் பதத்தைக் கெடுத்துவிடும். இரும்புக் கடையில் கிடைக்கும் இருபக்கக் கார்போரண்டம் கல் போதும்.

கோணம் சுமார் 20 டிகிரி. அதை அளக்கக் கருவி வேண்டாம். அலகைக் கல்லில் படுக்கவைத்து, அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்குங்கள். 15 மி.மீ. அகல அலகென்றால் 5 மி.மீ. அந்தக் கோணத்தை மாற்றாமல், கல்லிலிருந்து மெல்லிய சீவல் எடுப்பதுபோல் தள்ளுங்கள். மறுபக்கத்தில் விரலை விளிம்புக்குக் குறுக்காக, முதுகிலிருந்து வெளிநோக்கித் தடவினால் நெடுகிலும் ஒரு பிசிர் தட்டுப்பட வேண்டும். வந்தபின் பக்கத்தை மாற்றி அதையே செய்யுங்கள். கடைசியில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகில்லாத வளையத்தில் மாற்றி மாற்றி ஐந்தாறு முறை லேசாக இழுத்தால் பிசிர் போய்விடும். செய்தித்தாளின் ஓரத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள். கிழிக்காமல் வெட்டிக்கொண்டு போனால் சரி. எங்காவது தட்டி நின்றால் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு மறுபடி கல்லுக்கு வாருங்கள்.

அலகைத் துடைத்து உலர்த்தி, சுழலும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். உணவு வெட்டும் கத்தி என்பதால் தையல் மிஷின் எண்ணெய் வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நல்லது.