எண்டர்பிரைஸா, ஸ்டார் டெஸ்ட்ராயரா?

கேள்வி: சார், நான் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கிறேன். விடுதியில் நானும் என் அறைத்தோழனும் ஒரு விஷயத்துக்காக மாதக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். நான் ஸ்டார் ட்ரெக் கட்சி, அவன் ஸ்டார் வார்ஸ். இரண்டு உலகமும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? ஸ்டார் டெஸ்ட்ராயர் சுடுகிற ஒவ்வொரு குண்டும் 200 கிகாடன் என்கிறான், அதற்குப் புத்தகத்தையே எடுத்துக் காட்டுகிறான். எண்டர்பிரைஸின் ஃபோட்டான் டார்பிடோவுக்குக் கணக்குப் போட்டால் 64 மெகாடன்தான் வருகிறது. "எறும்புக் கடி" என்று சிரிக்கிறான். டிரான்ஸ்போர்ட்டரில் குண்டை ஏற்றி உன் கப்பலுக்குள்ளேயே இறக்கிவிடுவேன் என்றால், "ஷீல்டு எதுக்கு இருக்கு?" என்கிறான். அறிவியல்படி இதற்குத் தீர்ப்பு உண்டா?

பி.கு.: ட்ரெக்கில் வரும் 'போர்க்' இயந்திரக் கூட்டம் டெத் ஸ்டாரைக் கைப்பற்றிவிட்டால் என்ன ஆகும் என்றும் சொல்லுங்கள். அதிலும் சண்டை இருக்கிறது.

பதில்: தம்பி, பட்டிமன்ற நடுவர் மாதிரி இரண்டு அணிக்கும் மாலை போட்டு அனுப்பப் போவதில்லை. தீர்ப்பு உண்டு. ஆனால் அதற்கு முன்னால், நீங்கள் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொண்டிருக்கும் எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடுவோம்.

உங்கள் 64 மெகாடனுக்கு மூலம், 1991இல் ரிக் ஸ்டெர்ன்பாக்கும் மைக்கேல் ஒகுடாவும் எழுதிய ஸ்டார் ட்ரெக் தொழில்நுட்பக் கையேடு. டார்பிடோவுக்குள் அதிகபட்சம் 1.5 கிலோ எதிர்ப்பொருள் இருக்கும் என்கிறது அது. அதே எடையுள்ள சாதாரணப் பொருளோடு அது சேரும்போது மூன்று கிலோவும் மிச்சமின்றி ஆற்றலாகிவிடும். ஐன்ஸ்டீன் சூத்திரத்தில் போட்டால் நீங்கள் சொன்ன 64 மெகாடன்தான். 1961இல் சோவியத் யூனியன் வெடித்துப் பார்த்த குண்டு சுமார் 50 மெகாடன். மனிதர்கள் இதுவரை வெடித்ததில் அதுவே பெரியது. உங்கள் டார்பிடோ அதையும் தாண்டுகிறது. எறும்புக் கடி என்று சிரித்தவரிடம் இதைச் சொல்லுங்கள்.

நண்பரின் 200 கிகாடனும் புத்தகத்திலிருந்து வந்ததுதான். 2002இல் 'அட்டாக் ஆஃப் த க்ளோன்ஸ்' படத்தோடு வெளிவந்த, கப்பல்களை அறுத்துக் காட்டும் படப் புத்தகம். எழுதிய கர்ட்டிஸ் சாக்ஸ்டன் வானியற்பியல் படித்தவர். ஆனால் அந்த எண் ஸ்டார் டெஸ்ட்ராயருக்கு உரியதல்ல, படைவீரர்களை ஏற்றிச் செல்லும் ஒரு கப்பலின் பீரங்கிக்கு உரியது. அதற்கே இவ்வளவென்றால் பெரிய போர்க்கப்பலுக்கு எவ்வளவு இருக்கும் என்று ரசிகர்கள் அதை ஏற்றிக்கொண்டே போனார்கள். எப்படிப் பார்த்தாலும் உங்கள் டார்பிடோவைப் போல 3,000 மடங்குக்கு மேல். புத்தகத்தைச் சாட்சியாக ஏற்றால் நீங்கள் தோற்றாயிற்று.

சரி, புத்தகத்தை மூடிவிட்டுப் படத்தைப் பார்ப்போம். 1980இல் வந்த 'எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்'கில், விண்கற்களுக்கு நடுவே புகுந்து துரத்தும் ஸ்டார் டெஸ்ட்ராயர் தன் வழியில் வரும் கல்லைச் சுடுகிறது. பளிச்சென்று ஒரு வெளிச்சம், அப்புறம் கல் இல்லை. ஸ்டார் வார்ஸ் கணக்கர்களுக்கு இந்தச் சில நொடிகள்தான் மூலதனம். நாமும் போட்டுப் பார்க்கலாம், பேனாவும் தாளும் போதும். கல்லின் விட்டம் 20 மீட்டர், முழுக்க இரும்பு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். எடை சுமார் 33,000 டன். ஒரு கிலோ இரும்பை உருக்கி, கொதிக்கவைத்து, ஆவியாக்க ஏறக்குறைய 75 லட்சம் ஜூல் வேண்டும். பெருக்கினால் 60 கிலோடன் அளவுக்கு வரும். ஹிரோஷிமாவில் விழுந்தது 15 கிலோடன் என்பதால், ஒரு சூட்டில் நான்கு ஹிரோஷிமா.

இப்போது உங்கள் நண்பர், "கல் 20 மீட்டர் இல்லை, 40 மீட்டர்" என்பார். விட்டம் இரண்டு மடங்கானால் கன அளவு எட்டு மடங்கு, ஆற்றலும் எட்டு மடங்கு. அரை மெகாடனை நெருங்கிவிடும். நீங்கள் சும்மா இருப்பீர்களா? "அது ஆவியாகவில்லை, நொறுங்கித்தான் போனது. இரும்பும் இல்லை, வெறும் பாறை" என்பீர்கள். கல்லை நொறுக்குவதற்கும் ஆவியாக்குவதற்கும் ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம் உண்டு, ஆற்றல் சில டன் வெடிமருந்து என்ற அளவுக்குச் சரிந்துவிடும். ஒரே காட்சி, ஒரே கல். ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் கலைஞர் அந்த வெளிச்சத்தை இன்னும் இரண்டு பிரேம் நீட்டியிருந்தால் விடை வேறு.

தாராளமான கணக்குப்படியே அரை மெகாடன்தான் என்பதையும் கவனித்தீர்களா? அந்தப் பீரங்கியால் இதற்குமேல் முடியாது என்று இது நிரூபிக்கவில்லை, 'குறைந்தபட்சம் இவ்வளவு' என்றுதான் காட்டுகிறது. ஆனாலும் படத்தில் பார்த்ததற்கும் புத்தகத்தில் அச்சானதற்கும் நடுவே நான்கு லட்சம் மடங்கு இடைவெளி. படம் மட்டும்தான் சாட்சி என்றால் உங்கள் கையேட்டு டார்பிடோ நூறு மடங்குக்கு மேல் பெரியதாகிவிடும். குதிக்காதீர்கள், கையேடும் புத்தகம்தான். திரையில் வந்தது மட்டுமே அதிகாரபூர்வம் என்பது ஸ்டார் ட்ரெக் நிறுவனம் வெகுகாலம் வைத்திருந்த விதி. நண்பருடைய புத்தகத்தை மூடினால் உங்களுடையதையும் மூட வேண்டும்.

நண்பருக்கு இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. ஸ்டார் வார்ஸை வைத்திருந்த லூகாஸ்ஃபிலிமை டிஸ்னி 2012இல் 405 கோடி டாலருக்கு வாங்கியது. 2014 ஏப்ரலில், அதுவரை வந்த நாவல், காமிக்ஸ், வழிகாட்டி நூல் எல்லாவற்றையும் 'லெஜண்ட்ஸ்' என்று ஒரு பரணில் ஏற்றிவிட்டார்கள். அந்த 200 கிகாடனும் அதோடு பரணுக்குப் போனது. ஒரு பேரரசின் பீரங்கிப் படையை எதிரி ஒரு குண்டுகூடச் சுடாமல், ஒரு நிறுவன அறிவிப்பு முடக்கிப்போட்டது. போர் வரலாற்றில் இப்படி ஒரு தோல்வி வேறெங்கும் இருக்காது.

திரையையே நம்புவோம் என்றாலும் வம்பு தீராது. ட்ரெக்கின் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் 1995இல் வந்த ஒரு அத்தியாயத்தில், 20 கப்பல்கள் ஒரு கிரகத்தைத் தாக்குகின்றன. முதல் சுற்றிலேயே கிரகத்தின் மேலோட்டில் 30 சதவீதம் போய்விட்டதாக ஒரு பாத்திரம் சொல்கிறது. ட்ரெக் அணியினர் இதைத் தங்கப் பதக்கம்போல் அணிந்துகொள்வார்கள். ஆனால் படத்தில் தெரிவது குளத்தில் கல்லெறிந்தாற்போல் நாலைந்து வளையங்கள்தான்; மேலோடு பெயர்ந்து பறந்ததற்கு அறிகுறியே இல்லை. காதால் கேட்டதா, கண்ணால் பார்த்ததா? பொதுவாக ட்ரெக் எண்களைப் பேசும், வார்ஸ் காட்சியாகக் காட்டும். அதனால்தான் ட்ரெக் ரசிகர் வசனத்தைப் பிடித்துக்கொள்கிறார், வார்ஸ் ரசிகர் பிரேமை நிறுத்தி நிறுத்தி அளக்கிறார்.

இதில் அறிவியல் எவ்வளவு என்று கேட்டால், கணக்கில் முழுக்க இருக்கிறது, கணக்குக்கு ஊட்டும் தரவில் கொஞ்சமும் இல்லை. இருந்தும் இந்த ஆட்டத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை நடந்த வரலாறாகவே பாவித்து, அதிலுள்ள முரண்களுக்குத் துப்பறியும் விளையாட்டை ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1911இலேயே தொடங்கிவைத்துவிட்டார். சிரிக்காமல் ஆட வேண்டும் என்பதுதான் அதன் முதல் விதி.

இந்த எண்களெல்லாம் இப்படி முன்பின் முரணாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு உலகங்களின் சண்டையும் இயற்பியலிலிருந்து வரவில்லை, பழைய படங்களிலிருந்து வந்தது. ஜார்ஜ் லூகாஸ் 1977 படத்தின் விண்சண்டைக்கு, இரண்டாம் உலகப் போர் விமானச் சண்டைக் காட்சிகளை வெட்டி ஒட்டித்தான் முதலில் மாதிரி தயாரித்தார். அதனால்தான் அவருடைய விமானிகள் எதிரியின் முகம் தெரியும் தூரத்தில், வாலைப் பிடித்துக்கொண்டு சுடுகிறார்கள். ட்ரெக் போனது நீர்மூழ்கிப் பக்கம். 1966இல் வந்த 'பேலன்ஸ் ஆஃப் டெரர்' அத்தியாயம், 1957இன் 'த எனிமி பிலோ' என்ற நீர்மூழ்கிப் படத்தின் சாயலில் கட்டப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத எதிரி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் இரண்டு கேப்டன்கள். எத்தனை ஜூல் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

ஆளை ஓரிடத்தில் மறையவைத்து இன்னோரிடத்தில் தோன்றவைக்கும் டிரான்ஸ்போர்ட்டரின் பிறப்பும் இப்படித்தான். வாராவாரம் ஒரு கப்பல் தரையிறங்குவதைப் படமாக்கக் கட்டுப்படியாகாது என்று ஜீன் ராடன்பரி குழு கண்டுபிடித்த சிக்கன வழி அது. பிறகு, எந்த ஆபத்திலிருந்தும் ஒரு பொத்தானில் தப்பிவிடலாமென்றால் கதை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுமே என்று, அயனிப் புயல், கதிர்வீச்சு, புதுவகைத் தாது என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி அதை வேலை செய்யாமல் வைப்பதே கதாசிரியர்களுக்குப் பிழைப்பானது. ஷீல்டு இருந்தால் ஆளை அனுப்ப முடியாது என்பது உங்கள் உலகத்தின் சட்டமேதான். நண்பர் பக்கத்து ஷீல்டும் அப்படித் தடுக்குமா என்பதற்கு எந்தப் படத்திலும் பதில் இல்லை. அந்த வெடிகுண்டை விட்டுவிடுங்கள், அதில் வழி கிடையாது.

அப்படியானால் எதை வைத்துத் தீர்ப்பு? ஒரு பிரேமையோ ஒரு வசனத்தையோ அல்ல, கதை முழுவதையும் எது தாங்கி நிற்கிறதோ அதை வைத்து. முதலாவது வேகம். 1995இல் தொடங்கிய ட்ரெக்கின் 'வாயேஜர்' தொடரே, பூமியிலிருந்து 70,000 ஒளியாண்டு தள்ளி மாட்டிக்கொண்ட கப்பல் வீடு திரும்ப 75 ஆண்டு ஆகும் என்ற ஒற்றைத் துயரத்தின்மேல் நிற்கிறது. அதாவது ஒளியைப்போல் 900 மடங்குக்குச் சற்று மேல். (1989இல் வந்த ஐந்தாவது ட்ரெக் திரைப்படத்தில் எண்டர்பிரைஸ் விண்மீன் மண்டலத்தின் மையத்துக்கே போய்விடுகிறது. பூமியிலிருந்து 26,000 ஒளியாண்டு. வாயேஜர் வேகத்தில் 28 ஆண்டுப் பயணம். படத்தில் யாருக்கும் ஒரு நரைகூடக் கூடவில்லை. அந்தப் படத்தை நண்பர் எடுத்தால் மட்டும் இதைச் சொல்லுங்கள், நீங்களாகத் தொடாதீர்கள்.) ஸ்டார் வார்ஸிலோ, மண்டலத்தின் ஓரத்திலிருக்கும் டாட்டூயினிலிருந்து மையத்தருகே உள்ள ஆல்டரானுக்கு, ரோபோவும் ச்யூபாக்கா என்ற பாத்திரமும் ஆடும் ஒரு சதுரங்க ஆட்டப் பொழுதில் போய்ச் சேர்கிறார்கள். அதிவேகப் பயணம் இல்லாவிட்டால், ஸ்டார் டெஸ்ட்ராயர்களை வைத்திருக்கும் அந்தப் பேரரசே இருக்க முடியாது.

இதைப் போரில் வைத்துப் பாருங்கள். எண்டர்பிரைஸ் சார்ந்திருக்கும் ஃபெடரேஷன் 150க்கு மேற்பட்ட கிரகங்கள், 8,000 ஒளியாண்டு பரப்பு என்று அதன் கேப்டன் பிகார்டே ஒரு படத்தில் சொல்கிறார். ஒரு கோடியில் தாக்குதல் என்றால் மறு கோடியிலிருந்து உதவிக் கப்பல் வர எட்டு ஆண்டுக்கு மேல். பேரரசின் படை அதற்குள் வந்து, அடித்து, வரி வசூலிக்கவே தொடங்கியிருக்கும்.

இரண்டாவது, தொழில் வளம். 'போர்க்' இயந்திரக் கூட்டத்தின் ஒரேயொரு கப்பல் பூமியை நோக்கி வந்தபோது ஃபெடரேஷனின் படையான ஸ்டார்ஃப்ளீட்டால் அவசரத்துக்குத் திரட்ட முடிந்தது 40 கப்பல். அதில் 39 அழிந்தன. எதிர்ப்பக்கத்தில் சந்திரன் என்று தவறாக நினைக்கும் அளவுக்கு டெத் ஸ்டார் என்ற ஒரு போர் நிலையம். அது உடைந்தால், சில ஆண்டுகளில் அதைவிடப் பெரிதாக இன்னொன்று. 2012இல் அமெரிக்கர்கள் சிலர் இப்படி ஒன்றைக் கட்டச் சொல்லி வெள்ளை மாளிகைக்கே மனுக் கொடுத்தார்கள். 850க்குப் பின்னால் 15 பூஜ்ஜியம் போட்ட டாலர் செலவாகும், கிரகங்களைத் தகர்ப்பது எங்கள் கொள்கையும் அல்ல என்று 2013 ஜனவரியில் பதில் வந்தது.

ஆக நேருக்கு நேர் போர் என்றால் பேரரசு ஜெயிக்கும். கப்பலுக்குக் கப்பல் யார் பலம் என்பதைத் தீர்க்கவே முடியாது, அந்த விண்கல் கணக்கு அதற்குச் சாட்சி. ஆனால் போரைத் தீர்மானிப்பது வேகமும் கப்பல் கட்டும் திறனும். இரண்டிலும் நண்பர் கைதான் ஓங்கியிருக்கிறது.

உங்களுக்கு ஒரு வழி விட்டுவைக்கிறேன். மெகாடனைப் பேசாதீர்கள், கம்ப்யூட்டரைப் பேசுங்கள். பேரரசின் மாபெரும் டெத் ஸ்டாரில் ஆர்2-டி2 என்ற சின்ன ரோபோ சுவரில் ஒரு பிளக்கைச் சொருகுகிறது. சிறை எங்கே என்று தெரிந்துவிடுகிறது, குப்பை நசுக்கும் இயந்திரம் நின்றுவிடுகிறது. பாஸ்வேர்டு கேட்க ஆளில்லை. அங்கே ட்ரெக்கின் மனித உருவ ரோபோவான டேட்டாவை அரை மணி நேரம் விட்டால் என்ன ஆகும் என்று நண்பரிடம் கேளுங்கள். ஃபெடரேஷன் தன் கதைகளிலும் பெரிய எதிரியைப் பெரும்பாலும் வெறும் குண்டு போட்டு ஜெயித்ததில்லை. 40 கப்பலில் 39ஐத் தின்ற அந்த 'போர்க்' கப்பலையே, அந்தக் கூட்டம் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்த பிகார்டின் மூளைவழி 'தூங்கு' என்று ஒரு கட்டளையை நுழைத்துத்தான் முடித்தார்கள்.

கடைசியாக உங்கள் பின்குறிப்பு. பூமி அளவுள்ள ஒரு கிரகத்தைச் சிதறடிக்க வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல், சூரியன் ஏறக்குறைய ஒரு வாரம் முழுக்க உமிழும் மொத்த ஆற்றலுக்குச் சமம். டெத் ஸ்டார் அதை ஒரே சூட்டில் தருகிறது. எந்த ஆயுதத்துக்கும் தன்னைப் பழக்கிக்கொள்வது போர்க்கின் சாமர்த்தியம்தான், ஆனால் பழகிக்கொள்ள முதலில் கொஞ்சமாவது மிஞ்ச வேண்டுமே. எதிரில் நின்று மோதினால் போர்க் காலி. ஆனால் அவர்கள் அப்படி மோதுபவர்கள் அல்ல. பத்துப் பேர் உள்ளே புகுந்தால் போதும், நிலையம் நிறைய இருக்கும் ஆட்களை ஒவ்வொருவராகத் தங்களில் சேர்த்துக்கொள்வார்கள். முதல் டெத் ஸ்டார் குறிபார்க்கவே ஒரு கிரகத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது, அவ்வளவு அவகாசம் அவர்களுக்குத் தாராளம். கைப்பற்றிய மறுநிமிடம், ஸ்டார் வார்ஸ் நாயகன் லூக் குண்டு போட்ட அந்த இரண்டு மீட்டர் துளையை அடைத்தும்விடுவார்கள்.