சர்க்கரைவள்ளியும் ஓவனும்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

தை பிறப்பதற்கு முன்பே புதுக்கோட்டைச் சந்தையிலும் ஆலங்குடி, அறந்தாங்கி கடைத்தெருக்களிலும் கரும்பு, மஞ்சள் கொத்து, பனங்கிழங்கு ஆகியவற்றோடு வந்து குவியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பெரும்பாலான வீடுகளில் உப்புப் போட்டு அவித்தோ அடுப்புத் தணலில் புதைத்துச் சுட்டோ உண்ணப்படுவது. அதை விரல் பருமனுக்கு நறுக்கி, மின் ஓவனில் வைத்து, ஃபிங்கர் சிப்ஸ் போல மொறுமொறுப்பாக எடுக்கும் வழக்கம் இப்போது வீடுகளுக்குள் வந்திருக்கிறது. வந்த வேகத்திலேயே, குறிப்பில் சொன்னபடி செய்தும் கிழங்கு துவண்டு போகிறது, அல்லது நுனி கருகி நடு வேகாமல் நிற்கிறது என்ற முறையீடும் வந்திருக்கிறது. குறை செய்பவரின் கையில் இருப்பதைவிடக் கிழங்கின் இயல்பிலேயே மிகுதியாக இருக்கிறது. அவித்து உண்ணும்போது எவற்றுக்காக இக்கிழங்கு விரும்பப்படுகிறதோ, அந்த இனிப்பும் ஈரப்பதமுமே மொறுமொறுப்புக்குத் தடையாக நிற்கின்றன. ஆகவே இந்தச் சமையலைக் கற்க விரும்பும் இளைஞர் முதலில் அறிய வேண்டியது அளவுகளை அல்ல, கிழங்கை.

உருளைக்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் ஒரே கூடையில் கிடந்தாலும் நெருங்கிய உறவுடையவை அல்ல. உருளைக்கிழங்கு மண்ணுக்குள் பருத்த தண்டு. சர்க்கரைவள்ளியோ உணவைச் சேர்த்து வைத்துப் பருத்த வேர். அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்ததாகக் கருதப்படும் இக்கொடிக்கு நெருங்கிய உறவு தேடினால், புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கே மணமேல்குடிப் பக்கம் தொடங்கித் தமிழகக் கடற்கரை மணலெங்கும் ஊதா நிறப் பூவோடு படரும் அடம்பங்கொடியைத்தான் காட்ட வேண்டும். இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை, பூவை அருகருகே வைத்துப் பார்த்தாலே அது விளங்கும். பச்சை உருளைக்கிழங்கு நூறு கிராமில் சர்க்கரை 1 கிராம் அளவில் நிற்க, சர்க்கரைவள்ளியில் அது ஏறத்தாழ 4 கிராமாக இருக்கிறது. மாவுச்சத்தோ உருளைக்கிழங்கைவிடப் பல வகைகளில் குறைவு. மொறுமொறுப்பு என்பது, வெந்த மாவுச்சத்து நீரை இழந்து மெல்லிய விறைத்த ஓடாக இறுகும் நிலை. ஓடாக வேண்டிய பொருள் குறைந்து, கருகக்கூடிய பொருள் கூடியிருக்கும் கிழங்கை உருளைக்கிழங்கைப் போலவே நடத்தினால் அது உருளைக்கிழங்கைப் போல நடந்துகொள்ளாது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. சர்க்கரைவள்ளிக்குள் பீட்டா அமைலேசு என்னும் நொதி, அதாவது வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதம், மிகுதியாக இருக்கிறது. கிழங்கின் உள்வெப்பம் 60 முதல் 75 டிகிரி செல்சியசு வரை இருக்கும் வேளையில் அது மாவுச்சத்தை மால்டோசு என்னும் சர்க்கரையாக உடைத்துக்கொண்டே போகும். தணலில் மெல்ல மெல்லச் சுட்ட கிழங்கு தேன் கசிய இனிப்பதற்குக் காரணம் அதுதான்: நெடுநேரம் அந்த இடைவெப்பத்தில் கிடந்ததால் நொதிக்கு வேலை செய்ய அவகாசம் கிடைத்தது. வறுவலுக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது. அந்த இடைவெப்பத்தை விரைவில் கடந்துவிட வேண்டும். ஓவனைச் சூடேறவிட்ட பிறகே தட்டை உள்ளே வைக்க வேண்டும் என்று குறிப்புகள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆறிய ஓவனில் வைத்துச் சூடேற்றுபவர் தம்மை அறியாமலே கிழங்கை இனிப்பாக்கிக்கொண்டிருக்கிறார்.

கிழங்கைத் தேர்வதில்தான் பாதிச் சமையல் முடிகிறது. இணையத்திலும் அயல்நாட்டுச் சமையல் நூல்களிலும் காணும் குறிப்புகள் பெரும்பாலும் ஆரஞ்சு நிறச் சதை கொண்ட, ஈரம் மிகுந்த அமெரிக்க வகைகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. நம் சந்தையில் வரும் சிவந்த தோலும் வெண்சதையும் கொண்ட கிழங்கு மாவு மிகுந்தது. நீர் நீங்கலான பகுதி அதில் நூற்றுக்கு முப்பதை ஒட்டியிருக்கும், ஆரஞ்சு வகைகளில் பொதுவாக அதைவிடக் குறையும். எனவே அயல்நாட்டுக் கடைகளில் விலை உயர்த்தி விற்கும் கிழங்கைவிட, பொங்கல் கடையில் கூறுகட்டி விற்கும் கிழங்கே ஓவன் வறுவலுக்கு ஏற்றது என்று துணிந்து சொல்லலாம். ஆரஞ்சு வகையைத் தாழ்த்துவதாக இதற்குப் பொருள் இல்லை. அந்த நிறம் பீட்டா கரோட்டின் தருவது, உடலில் அது வைட்டமின் ஏ ஆக மாறுகிறது. ஆப்பிரிக்க நாடுகளில் அவ்வகைக் கிழங்கைப் பரப்பிய பணிக்காக மரியா ஆன்ட்ரேட், ராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகியோருக்கும், பயிர்களில் ஊட்டச்சத்தைப் பெருக்கும் முயற்சியை முன்னெடுத்த ஹோவர்த் பௌயிசுக்கும் 2016-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. திருவனந்தபுரத்தில் 1963-இல் தொடங்கப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனமும் பூ சோனா என்ற ஆரஞ்சுச் சதை வகையையும் பூ கிருஷ்ணா என்ற ஊதாச் சதை வகையையும் வெளியிட்டிருக்கிறது. கிடைத்தால் அவித்து உண்ணலாம். வறுக்க முனைந்தால் பொறுமை சற்றுக் கூடுதலாக வேண்டும்.

புரட்டாசியில் மழையை எதிர்பார்த்துக் கொடித் துண்டுகளை நட்டால் 110 முதல் 120 நாளில் கிழங்கு முற்றித் தைக்கு வெட்ட வரும். நீர் தேங்காத நெகிழ்வான செம்மண் அதற்கு உகந்தது, ஆலங்குடி வட்டத்தில் அத்தகைய மண்ணுக்குக் குறைவில்லை. வெட்டிய கிழங்கு இருப்பில் இருக்க இருக்க இனிப்பு ஏறும் என்பது விற்பவர்களுக்குத் தெரிந்த செய்தி, அவிப்பதற்கு அது நன்மை. வறுவலுக்கோ புதிதாக வெட்டிய கிழங்கே மேல். தோலில் சிறு துளைகள் இருந்தால் கூன்வண்டு குடைந்தது என்று பொருள், அதன் தாக்குதலுக்கு எதிராகக் கிழங்கு சுரக்கும் பொருள்கள் கசக்கும், கெட்ட பகுதியைச் செதுக்கிய பிறகும் அக்கசப்பு மீதிக் கிழங்கில் நிற்கும் என்பதால் அதை வாங்காமல் விடுவதே நல்லது. கிழங்கை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. 12 டிகிரிக்குக் கீழ்ப்பட்ட குளிரில் அதன் திசு சிதைந்து, எவ்வளவு வெந்தாலும் நடுவில் கட்டையாகவே இருக்கும்.

தோல் சீவிய கிழங்கை நீளவாக்கில் ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள பலகைகளாக அரிந்து, அவற்றை அதே கனமுள்ள குச்சிகளாக நறுக்க வேண்டும். புதுக் கிழங்காக இருந்தால் வெட்டுவாயின் ஓரத்தில், தோலை ஒட்டிய வளையத்தில், வெள்ளைப் பால் புள்ளி புள்ளியாகத் துளிர்க்கும். விரலில் ஒட்டினால் காய்ந்து கறுக்கும், சோப்புக்கு எளிதில் போகாது, விரலில் முன்கூட்டியே துளி எண்ணெய் தடவிக்கொண்டால் தொல்லை இல்லை. நறுக்க நறுக்கக் குச்சிகளைக் குளிர்ந்த நீரில் போட்டு அரை மணி நேரம் ஊறவிட்டால், வெட்டுப்பட்ட உயிரணுக்களிலிருந்து வெளிப்பட்ட மாவும் மேற்பரப்புச் சர்க்கரையும் நீரில் இறங்கி அது கலங்கும்; அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். அடுத்து வரும் பணி மிகவும் எளியது, மிகவும் புறக்கணிக்கப்படுவதும் அதுவே: குச்சிகளைப் பருத்தித் துண்டில் பரப்பி, ஒற்றி, மின்விசிறியின் கீழ் பத்து நிமிடம் உலரவிடுதல். மேற்பரப்பில் நீர் இருக்கும்வரை அதன் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. நீர் ஆவியாகி முடிந்த பிறகே ஓடு இறுகத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை மாத ஈரக் காற்றில் உலர்வதற்குக் கூடுதல் நேரம் ஆகும்.

கிழங்கில் குறைவாக இருக்கும் மாவுச்சத்தை வெளியிலிருந்து கொடுப்பது அடுத்த படி. அரைக் கிலோ கிழங்குக்குக் கார்ன்ஃப்ளார் இரண்டு தேக்கரண்டி, சலித்த பச்சரிசி மாவு ஒரு தேக்கரண்டி போதும். கார்ன்ஃப்ளார் என்பது மக்காச்சோளத்திலிருந்து பிரித்த தூய வெண்ணிற மாவுச்சத்து. சோள மாவு என்ற பெயரில் விற்கும் மஞ்சள் நிற முழுமாவு அந்த வேலையைச் செய்யாது. தேன்குழலுக்கும் சீப்புச் சீடைக்கும் கடிபதம் தருவது அரிசி மாவே என்பது திருமயம் வட்டத்துச் செட்டிநாட்டு ஊர்களின் சமையற்கட்டுகளில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாத செய்தியாதலால், அதையே இங்கும் சிறிதளவு சேர்ப்பதில் புதுமை ஒன்றும் இல்லை. உலர்ந்த குச்சிகள்மீது முதலில் மாவைத் தூவிப் புரட்டி, பிறகு ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுப் பிசற வேண்டும். முறை மாறினால் மாவு கட்டியாகும். உலர்ந்த வெண்திட்டு எங்காவது தெரிந்தால் அங்கே எண்ணெய் சேரவில்லை என்று பொருள், வெந்த பின்னும் அது சுண்ணாம்பு போலவே நாவில் தட்டுப்படும். உப்பு இப்போது வேண்டாம், அது கிழங்கின் நீரை வெளியே இழுத்துவிடும்.

எண்ணெயைப் பற்றி ஒரு சொல். மாவட்டத்தில் கடலைச் சாகுபடி மிகுதி, செக்கெண்ணெய் மணமானது. ஆயினும் சுத்திகரிக்காத கடலை எண்ணெய் 160 டிகிரி அளவிலேயே புகையத் தொடங்கும், சுத்திகரித்தது 230 டிகிரி வரை தாங்கும். ஓவனை 220 டிகிரிக்கு வைப்பதால் ரீஃபைன்ட் எண்ணெயே பொருந்தும். மணம் வேண்டுவோர் இறக்கிய பிறகு செக்கெண்ணெயில் சில துளிகள் தெளித்துக்கொள்ளலாம்.

ஓவன் என்று இங்கே குறிப்பது ஓ.டி.ஜி. எனப்படும் கம்பிச் சூட்டுப் பெட்டியையோ, கன்வெக்‌ஷன் வசதி உள்ள மைக்ரோவேவையோதான். வெறும் மைக்ரோவேவ் உள்ளிருக்கும் நீரைச் சூடாக்குமே தவிர மேற்பரப்பை உலர்த்தாது. ஓ.டி.ஜி. வாங்கியவர்கள் கவனிக்காத ஒன்று மின்னழுத்தம்: சூட்டுக் கம்பியின் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், 230 வோல்ட்டில் 1500 வாட் தரும் கருவி, மாலையில் அழுத்தம் 200 வோல்ட்டுக்கு இறங்கினால் 1130 வாட் அளவே தரும். அதாவது குறிப்பில் உள்ள நேரம் அந்த வீட்டுக்குப் பொருந்தாது. பத்து நிமிடம் முன்சூடு செய்ய வேண்டிய இடத்தில் பதினைந்துக்கு மேல் ஆகலாம். கருவியைப் பவர் பிளக்கில் மட்டுமே செருக வேண்டும் என்பதும் இதோடு நினைவில் இருக்கட்டும்.

குச்சிகளைத் தட்டில் ஒன்றையொன்று தொடாமல் ஒரே அடுக்காகப் பரப்புவது கட்டாயம். நெருக்கி வைத்தால் ஒன்றின் ஆவியில் மற்றொன்று வெந்து, ஓவனுக்குள் அவியல் நடக்கும். அரைக் கிலோவுக்குச் சிறிய ஓவனில் இரண்டு தட்டு ஆகும். இரண்டையும் ஒரே நேரத்தில் திணிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக வைப்பதே சரி. பதினைந்து நிமிடம் சென்றபின், தட்டைத் தொட்ட பக்கம் பொன்னிறமாகித் தானே விடுபடும்போது ஒவ்வொன்றாகத் திருப்பிவிட்டு, மேலும் எட்டு முதல் பத்து நிமிடம் வைக்கலாம். கடைசிக் கட்டத்தில் கண் அகலக் கூடாது. சர்க்கரை மிகுந்த கிழங்கு பொன்னிறத்திலிருந்து கருமைக்குப் போக இரண்டு நிமிடம் போதும். பிரெஞ்சு வேதியியலார் லூயி கமீல் மையார் 1912-இல் விளக்கிய, சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து நிறமும் மணமும் தரும் வினைதான் அந்தப் பொன்னிறத்துக்குக் காரணம். அதே வினை எல்லை மீறும்போது அக்ரிலமைடு என்னும் விரும்பத்தகாத சேர்மம் கூடுகிறது. மாவுப் பண்டங்களை 120 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது அது உண்டாவதைச் சுவீடன் அறிவியலார் 2002-இல் வெளியிட்டனர். நீரில் ஊறவைப்பது அதையும் ஓரளவு குறைக்கும், கருகவிடாமல் எடுப்பது மேலும் குறைக்கும்.

நிறம் வந்ததும் ஓவனை அணைத்து, கதவை ஒரு விரல் அளவு திறந்துவைத்து ஐந்து நிமிடம் உள்ளேயே விட்டால், எஞ்சிய ஆவி வெளியேறி ஓடு இறுகும். பிறகுதான் உப்பும் மிளகுத்தூளும். இட்லிப் பொடி தூவினாலும் எடுப்பாக இருக்கும். எலுமிச்சையைப் பிழிந்தால் மொறுமொறுப்பு அப்போதே போய்விடும், தனியே வைக்கலாம். எண்ணெயில் மூழ்கப் பொரித்ததற்கு இது நிகர் என்று சொல்லுவோர் மிகைப்படுத்துகிறார்கள்: கொதிக்கும் எண்ணெய் காற்றைவிடப் பன்மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால் அந்த ஓடு ஓவனில் அமையாது. இங்கே கிடைப்பது வெளியே மெல்லிய மொறுப்பும் உள்ளே மாவுப் பதமும். அதுவும் பத்து நிமிடத்துக்குள் உண்டால்தான். மீந்ததை மறுபடி 200 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்தால் ஓரளவு மீளும். அப்படியும் மீளாவிட்டால் பொடியாக நறுக்கி, கடுகு, உளுந்து, காய்ந்த மிளகாய் தாளித்து, தேங்காய்த் துருவல் போட்டுப் பொரியலாக்கி இரவுச் சாப்பாட்டுக்கு வைத்துவிடலாம் தம்பி.

அன்புடன்,
அண்ணன்