பண்ணைக் குறிப்புகளைக் கைப்பேசியில் எழுதிக் காக்கும் முறை

நிலத்தில் நடக்கும் காரியங்களை அன்றன்று குறித்து வைத்தல் வேளாண்மையில் இன்றியமையாதது. விதைத்த நாள், பாய்ச்சிய நீர், இட்ட எரு, கொடுத்த கூலி, கண்ட மகசூல் ஆகிய இவை ஏட்டில் இல்லாவிடின், ஒரு பயிர் இலாபந் தந்ததா நஷ்டந் தந்ததா என்பதை ஊகித்துச் சொல்லலாமேயன்றி உறுதியாய்ச் சொல்லவியலாது.

இக்காலத்தில் இக்குறிப்புகளும், விதை வாங்கிய இரசீது, மண் பரிசோதனைச் சீட்டு, பயிரின் போட்டோ முதலியவையும் பெரும்பாலும் கைப்பேசியிலேயே இருக்கின்றன. இதனால் சௌகரியமுண்டு, அபாயமுமுண்டு. கைப்பேசி கிணற்றில் விழுந்தாலும், களவு போனாலும், பல வருஷத்துக் கணக்கு ஒரு கணத்தில் மறைந்துவிடும். பயிர் இன்ஷூரன்ஸ் கோரும் சமயத்தில் கைவசம் ஆதாரமின்றி நிற்க நேரிடும். மேலும், இலவசமாய்க் கிடைக்கும் செயலிகள் பலவற்றில் நாம் எழுதுவது கம்பெனியாரின் கணினியில் தங்குகிறது. அவர்கள் அச்செயலியை நிறுத்திவிட்டால் நமது கணக்கும் அதனோடு போய்விடக்கூடும். இவ்விரு கஷ்டங்களுக்கும் பரிகாரமாகத் திறந்த மூலச் செயலிகளைப் பயன்படுத்தும் வகை கீழே விவரிக்கப்படுகிறது.

திறந்த மூலம் என்பது யாது?

வீரிய ஒட்டு விதையின் பெற்றோர் வகைகளை உண்டாக்கியவர் மறைத்து வைக்கலாம். அதன் மகசூலை மறுபோகத்திற்கு விதையாக்கினால் குணம் மாறிப்போகும். நாட்டு விதையோ அவ்வாறன்று. அதை எவரும் எடுத்து வைக்கலாம், அண்டையாருக்குக் கொடுக்கலாம், தெரிந்தெடுத்து மேன்மைப்படுத்தலாம். திறந்த மூலச் செயலி நாட்டு விதையைப் போன்றது. அதை இயக்கும் நிரல் அனைவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருக்கும். அறிந்தோர் அதைச் சோதிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம்.

இதன் பயன் அனுபவத்தில் விளங்கியுள்ளது. கோப்புகளை ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குப் பிரதி செய்யும் ‘சிங்க்திங்’ என்னும் மென்பொருள் 2013-ஆம் வருஷத்தில் வெளிவந்தது. அதன் ஆண்ட்ராய்டுச் செயலியின் வெளியீடு 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது. எனினும் நிரல் திறந்திருந்தபடியால், ‘சிங்க்திங்-ஃபோர்க்’ என்னும் கிளைச் செயலியை வேறு சிலர் தொடர்ந்து நடத்தலாயினர். கணினிக்குரிய மூல மென்பொருள் நிற்கவேயில்லை.

செயலிகளைப் பெறுமிடம்

இத்தகைய செயலிகளைத் தொகுத்து இலவசமாய் வழங்கும் ‘எஃப்-டிராய்டு’ என்னும் களஞ்சியம் 2010-இல் தொடங்கப்பட்டது. இதை அதன் சொந்த வலைத்தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளல் வேண்டும். நிறுவும்போது கைப்பேசி ஓர் எச்சரிக்கை காட்டி அனுமதி கேட்கும். வேலை முடிந்ததும் அவ்வனுமதியை நீக்கிவிடுக. அரசாங்க உதவித்தொகையின் பெயரால் வாட்ஸப்பில் வரும் செயலிக் கோப்பை எக்காரணத்தாலும் நிறுவலாகாது. பாங்குப் பணத்தைக் கவரும் மோசக்காரர் அவ்வழியை நாடுகின்றனர்.

குறிப்பு எழுதும் முறை

‘டிராக் அண்டு கிராஃப்’ என்னும் செயலி இதற்கு ஏற்றது. இதில் நாம் வேண்டிய இனங்களை நாமே அமைத்து, நாள்தோறும் அளவை எழுதிவர, செயலி அதை வரைபடமாக்கிக் காட்டும். ஆரம்பத்தில் நான்கு இனங்கள் போதும்:

1. மழை, மில்லிமீட்டரில்.
2. மோட்டார் ஓடிய நேரம்.
3. கூலியும் இதர செலவும், ரூபாயில்.
4. கறந்த பால், லிட்டரில்.

மழைமானியைக் காலை 8-30 மணிக்குப் பார்த்து எழுதுக. இந்திய வானிலை இலாகாவினரும் அந்நேரத்திலேயே நாள் மழையை அளப்பதால், நமது அளவை அவர்களதோடு ஒப்பிடலாகும். ஒரு மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 4,047 லிட்டர் நீராகும். ஆகவே 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏக்கருக்கு 80,000 லிட்டருக்குச் சற்று மேற்பட்ட நீர் விழுந்ததாகக் கொள்ளலாம். விநாடிக்கு 10 லிட்டர் இறைக்கும் மோட்டார் இரண்டேகால் மணி நேரம் ஓடித் தரும் நீர் இது. வழிந்தோடியது போக மண்ணில் தங்கியதை மதிப்பிட்டு, அடுத்த பாய்ச்சலைத் தள்ளிப்போடலாம். இக்கணக்கைச் செய்வதற்கே குறிப்பு வேண்டும். எழுதி வைத்துப் பாராதிருப்பதில் பிரயோஜனமில்லை.

வாரத்துக்கொருமுறை இக்குறிப்புகளைச் சி.எஸ்.வி. என்னும் அட்டவணைக் கோப்பாக வெளியெடுத்து, ‘பண்ணை’ என்று பெயரிட்ட ஓர் அடைவில் வைக்கவும். இக்கோப்பை எந்தக் கணினியிலும் படிக்கலாம். தமிழெழுத்துகள் சிதைந்து தோன்றினால், திறக்கும்போது எழுத்துமுறையை ‘யூ.டி.எஃப்-8’ என்று தெரிந்தெடுத்தால் சரியாகும். இரசீது, சீட்டு இவற்றின் போட்டோக்களையும் அதே அடைவில் சேர்க்க.

பிரதியை வேறிடத்தில் வைத்தல்

கைப்பேசியிலும் வீட்டுக் கணினியிலும் சிங்க்திங்கை நிறுவுக. கணினியில்லாதோர் வீட்டிலுள்ள மற்றொரு ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கொள்ளலாம். பின்னர் செய்யவேண்டியவை:

1. ஒவ்வொரு கருவிக்கும் ஏழேழு எழுத்தாக எட்டுத் தொகுதிகள் கொண்ட அடையாளம் ஒன்றுண்டு. அதன் கியூ.ஆர். கட்டத்தைப் படமெடுத்தால் ஒரு கருவி மற்றொன்றை அறியும். இருபுறமும் சம்மதித்தாலன்றித் தொடர்பு ஏற்படாது.
2. கைப்பேசியின் ‘பண்ணை’ அடைவைக் கணினியோடு பகிர்க. கைப்பேசியில் ‘அனுப்ப மட்டும்’ என்று அமைத்தால், கணினியில் நேரும் பிழை கைப்பேசிக்கு வாராது.
3. வைஃபை இணைப்பிலும் சார்ஜ் ஏறும்போதும் மட்டும் இயங்குமாறு அமைத்தால் பாட்டரியும் டேட்டாவும் வீணாகா.

இரு கருவிகளும் ஒரே வைஃபையில் இருப்பின் இண்டர்நெட் இன்றியே பிரதி நடைபெறும். தொலைவிலிருந்து இண்டர்நெட் வழியே சென்றாலும், செய்தி மறைக்குறியாக்கப்பட்டே செல்வதால் நடுவிலுள்ளோர் படிக்கவியலாது. கம்பெனியாரின் கிடங்கில் நமது கோப்புகள் தங்குவதுமில்லை.

முக்கிய எச்சரிக்கை

ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு. இதைப் பலர் அறியாமல் நஷ்டமடைகின்றனர். கைப்பேசியில் ஒரு கோப்பைத் தவறி அழித்தால், அவ்வழிப்பு கணினிக்கும் சென்று அங்குள்ளதையும் நீக்கும். ஆகையால் கோப்புகளைப் பெறும் கணினியில் பழைய பிரதிகளைக் காக்கும் ஏற்பாட்டை அவசியம் தொடங்குக. அதில் படிப்படியாய்க் காக்கும் முறையைத் தெரிந்தெடுத்தால், முதல் 30 நாட்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பிரதியும், அதன்பின் ஒரு வருஷம்வரை வாரத்திற்கொன்றும் மிஞ்சும். மேலும், பசலி வருஷம் முடியும் ஜூன் 30-ஆந் தேதியன்று ‘பண்ணை’ அடைவு முழுவதையும் ஒரு பென் டிரைவில் எழுதி, பத்திரங்களோடு பெட்டியில் வைத்தல் நலம்.

ஒரே கோப்பை இருவர் இரு கருவிகளில் திருத்தலாகாது. திருத்தினால் ‘முரண்’ எனக் குறித்த இரண்டாம் கோப்பு உண்டாகி, எது மெய்யென்ற குழப்பம் நேரும். எழுதுபவர் ஒருவராகவும் படிப்பவர் பலராகவும் இருக்கட்டும்.

கிராம அதிகாரிகளுக்கு

குடியானவரின் சொந்தக் குறிப்பு அடங்கலுக்கு ஈடாகாது. எனினும் விதைப்புத் தேதியும் பயிரின் பரப்பும் அன்றே குறிக்கப்பட்டிருந்தால், தணிக்கையின்போது விவரம் கேட்டறிதல் எளிதாகும், தாவாவும் குறையும். கிராமத்தாரின் ஆதார் எண், பாங்குக் கணக்கு முதலியவற்றை அதிகாரிகள் தங்கள் சொந்தக் கைப்பேசியிலும் பகிர்ந்த அடைவுகளிலும் வைத்தல் கூடாது. ஒருவர் ஒரு காரியத்திற்காகத் தந்த விவரத்தை அக்காரியத்திற்கே பயன்படுத்த வேண்டுமென்பது, 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கொள்கையுமாகும்.

மேற்கூறிய செயலிகளுக்குக் கிரயம் ஏதுமில்லை. வேண்டுவது ஒரு மாலை நேர முயற்சியும், அதன்பின் நாளொன்றுக்கு ஐந்து நிமிஷமுமே. வரும் போகத்தின் விதைப்பு நாளிலிருந்தே இதைத் தொடங்கி, அறுவடையானதும் ஏக்கருக்கான செலவையும் வரவையும் கணக்கிட்டு, மறுபோகத்துக்குரிய பயிரை அதற்கேற்பத் தீர்மானித்து விவசாயிகள் பயனடைவார்களாக.