இருங்குச் சோளம் மருந்தாகுமா?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் செல்லும்போது மேற்கே மலை தெரியும்; கிழக்கே கரிசல் பூமி விரியும். தென்மாவட்டக் கரிசலில் தொன்றுதொட்டு மானாவாரியாக விளைவது இருங்குச் சோளம். அதன் செங்கருமை நிறம் எதனால் உண்டாகிறது?

தவிட்டிலுள்ள பீனாலிக் சேர்மங்களே காரணம். கருநிறச் சோளங்களில் லூட்டியோலினிடின், அபிஜெனினிடின் என்னும் நிறமிகள் உண்டு. பிற தானியங்களில் இவை அரிது. பூஞ்சை தாக்கும்போது சோளச் செடி தற்காப்பிற்காகவும் இவற்றை உண்டாக்குகிறது.

ஆய்வுக்கூடத்தில் தட்டில் வளர்த்த மனிதப் பெருங்குடற் புற்றுச் செல்களின்மீது இத்தகைய சோளங்களின் தவிட்டுச் சாற்றை இட்டுப் பார்த்தனர். செல்களின் பெருக்கம் குறைந்தது. பல செல்கள் மடிந்தன. அப்படியானால் சோளச்சோறு புற்றுநோய்க்கு மருந்தா?

அவசரப்படாதீர்கள்! தட்டில் சாறு செல்லை நேரே தொடுகிறது. நாம் உண்ணும் சோளமோ அடுப்பில் வெந்து, இரைப்பையையும் சிறுகுடலையும் கடந்தே பெருங்குடலை அடைகிறது. அங்கும் பாக்டீரியாக்கள் அதை மாற்றுகின்றன. இத்தனைக்கும் பிறகு எஞ்சுவது எவ்வளவு, எந்த வடிவில் என்பதே கேள்வி. மனிதர்களிடம் சோதித்து நிறுவாத எதையும் மருந்து என்று கூறலாகாது. நோயுற்றவர் மருத்துவரையே நாட வேண்டும்.

எனினும், முழுத்தானியம் உண்போரிடம் இந்நோய் சற்றுக் குறைவாகக் காணப்படுகிறது. ஆகவே தவிட்டைத் தீட்டி எறியாமல் சோளத்தை உண்போம், மருந்தாக அன்று, நல்ல உணவாக!