காலை ஆறு மணிக்கு ஒரு போன்

மாரிக்குப்பம் ரயில் நிலையம். இன்னும் விடியவில்லை. பெங்களூர் ரயிலில் கூட்டம் ஏறுகிறது.

கோலார் தங்கவயலில் சுரங்கம் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டது. அது முதல் பல குடும்பங்களுக்கு இந்த ரயில்தான் சோறு போடுகிறது. தனமும் இதில்தான் வேலைக்குப் போகிறாள். பெங்களூரில் ஒரு தையல் கம்பெனியில் வேலை.

அவள் மடியில் இருந்த போன் அடித்தது.

"என்னம்மா, பணம் எங்கே? இன்னைக்குக் கட்டலேன்னா போலீசோட வருவோம்!"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தனம் தலையைக் குனிந்து கொண்டாள்.

மகளின் கல்யாணத்துக்காகத் தனம் 40,000 ரூபாய் கடன் வாங்கினாள். ஒரு நிதிக் கம்பெனி கொடுத்த குழுக் கடன் அது. மாதத் தவணை 2,115 ரூபாய். ஒன்பது மாதம் ஒழுங்காகக் கட்டினாள். பிறகு கணவர் லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்தார். கால் முறிந்தது. இரண்டு தவணை நின்று போனது.

அன்று முதல் போன் நிற்கவில்லை. காலை ஆறு மணிக்கு வரும். வேலை நேரத்தில் வரும். இரவு ஒன்பது மணிக்கும் வரும். ஒருநாள் பங்காருப்பேட்டையில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்கே போன் போய்விட்டது. அதைத்தான் தனத்தால் தாங்க முடியவில்லை. தண்டல்காரரிடம் வாங்கி இதை அடைத்துவிடலாமா என்று நினைத்தாள்.

பக்கத்து வீட்டு ஆரோக்கியம் அக்கா தடுத்தார்.

"தண்டலை வாங்கினா அதுக்கும் ஒரு ஆள் வாசல்ல வந்து நிப்பான். முதல்ல கடன் அட்டையை எடு. எவ்வளவு பாக்கின்னு பார்ப்போம்."

அட்டை பெட்டிக்கு அடியில் கிடந்தது. வாங்கிய நாள் முதல் அதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. எழுத்து கன்னடம். தனத்துக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. ஆனால் எண்களைப் படிக்கத் தெரியும். இரண்டு தவணை 4,230 ரூபாய். போனில் பேசியவரோ பத்தாயிரம் கேட்டிருந்தார்!

தனம் ஒரு நாள் விடுப்பு எடுத்தாள். அந்த நாள் சம்பளம் போனது. அக்காவோடு கோர்ட்டில் உள்ள இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனாள். பெண்களுக்கு அங்கே கட்டணம் இல்லை. வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதும் இல்லை. போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

அங்கிருந்த வக்கீல் அம்மா அட்டையைப் பார்த்தார்.

"இது நுண்கடன். குடும்பத்தின் ஆண்டு வருமானம் மூன்று லட்ச ரூபாய் வரை இருந்தால், அடமானம் இல்லாமல் கொடுக்கும் கடன். உங்கள் ரேஷன் கார்டையோ பாத்திரத்தையோ அவர்கள் எடுத்துப் போக முடியாது."

"போலீசு வருமாம்மா?"

"தவணை தவறியதற்காக மட்டும் போலீஸ் உங்களைப் பிடிக்காது. கம்பெனி கோர்ட்டில் வழக்குப் போடலாம். தவணை தவறியது பதிவாகும், நாளைக்கு வேறு கடன் கிடைப்பது கஷ்டம். அதுதான் உண்மை. கடன் கடன்தான், கட்டத்தான் வேண்டும். ஆனால் உங்களை மிரட்ட அவர்களுக்கு உரிமை இல்லை."

பிறகு அவர் விதியைச் சொன்னார். நுண்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டு விதி செய்தது. காலை 9 மணிக்கு முன் போன் செய்யக் கூடாது. மாலை 6 மணிக்குப் பின்னும் கூடாது. கெட்ட வார்த்தை பேசக் கூடாது. ஓயாமல் போன் செய்யக் கூடாது. உறவினரையும் கூட வேலை செய்பவரையும் தொந்தரவு செய்யக் கூடாது. தவணை தவறினால் அபராதம் உண்டு. ஆனால் அதை நின்று போன தொகைக்கு மட்டுமே போட வேண்டும், மொத்தக் கடனுக்கும் போடக் கூடாது. கடன் அட்டையும் நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்.

பணம் கட்டும் இடத்தை இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். தனம் இரண்டு முறை அங்கே போகவில்லை. ஆகவே ஆள் வீட்டுக்கு வரலாம். வசூல் ஏஜெண்ட் வந்தால் அடையாள அட்டையும் கம்பெனியின் அதிகாரக் கடிதமும் காட்ட வேண்டும். காட்டச் சொல்லிக் கேளுங்கள். அடிக்க வந்தால் 112க்குப் போன் செய்யுங்கள்.

அன்று முதல் தனம் ஒரு நோட்டு வைத்தாள். போன் வந்த தேதி, நேரம், எண், பேசிய பேச்சு எல்லாவற்றையும் எழுதினாள். எழுத்து கோணலாக இருந்தது. ஆனால் படிக்க முடிந்தது. ஆறு நாளில் 31 போன் வந்திருந்தது.

பிறகு கம்பெனிக்குக் கடிதம் எழுதினாள். குறை சொல்ல வேண்டிய முகவரி அட்டையிலேயே இருந்தது. கன்னடம் படித்த மகள் வாசித்துச் சொன்னாள்.

"ஐயா, என் கடனில் இரண்டு தவணை பாக்கி உள்ளது. கணவருக்குக் கால் முறிந்ததால் கட்ட முடியவில்லை. நான் கட்டுவேன். பாக்கியைச் சிறிது சிறிதாகக் கட்ட அனுமதி தர வேண்டும். உங்கள் ஆள் காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் போன் செய்கிறார். சம்பந்தி வீட்டுக்கும் போன் செய்தார். இதை நிறுத்த வேண்டும். போன் வந்த நேரங்களை இத்துடன் எழுதி உள்ளேன். பதிலை எழுத்தில் தர வேண்டும். இப்படிக்கு, தனம்."

கடிதத்தை நகல் எடுத்து வைத்தாள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பினாள். ரசீதை நோட்டில் ஒட்டினாள்.

கம்பெனி 30 நாளில் பதில் தராவிட்டால் என்ன செய்வது? பதில் சரியில்லை என்றால்? ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கடிதம் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கி மையத்துக்குப் போக வேண்டும். தமிழில் எழுதினாலும் வாங்கிக் கொள்வார்கள். கட்டணம் இல்லை. எப்படி அனுப்புவது என்று 14448 என்ற எண்ணில் கேட்கலாம்.

தனத்துக்கு அதுவரை போக வேண்டி வரவில்லை. பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. பாக்கியை ஆறு பங்காகப் பிரித்துத் தவணையோடு சேர்த்துக் கட்டலாம் என்று இருந்தது. மாதம் 705 ரூபாய் கூடுதல். அது சுமைதான். கணவர் இன்னும் வேலைக்குப் போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கம்பெனி ஆள் வந்தார்.

"என்னம்மா, மேலே எழுதிப் போட்டுட்டீங்க?" என்றார்.

"உட்காருங்க தம்பி. ரசீது கொண்டு வந்தீங்களா?" என்றாள் தனம்.

2,820 ரூபாயை எண்ணிக் கொடுத்தாள். ரசீதில் அதே தொகை இருக்கிறதா என்று படித்துப் பார்த்தாள். பிறகு நோட்டில் அடுத்த தவணைத் தேதியை எழுதி வைத்தாள்.