ஊர்ப் பொதுச் சொத்தான மென்பொருள்

மாணவர்களே! 'திருநெல்வேலி' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன? தி, ரு, நெ, ல், வே, லி என்று விரல் விட்டு எண்ணி, ஆறு என உடனே சொல்லிவிடுவீர்கள். இதே கேள்வியைக் கணிப்பொறியிடம் கேட்டால் என்ன விடை வரும் தெரியுமா? பைத்தான் என்னும் நிரல்மொழியில் இச்சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். 12 என்று பதில் வரும்!

கணிப்பொறி கணக்கில் தவறிவிட்டதா? இல்லை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்திருக்கும் 'யூனிகோடு' என்னும் முறையில், 'தி' என்பது ஒரே குறியீடு அன்று. 'த' ஒரு குறியீடு. அதன்மேல் ஏறும் இகரக் குறி மற்றொரு குறியீடு. 'ல்' என்பதும் அப்படியே. 'ல' ஒன்று, புள்ளி ஒன்று. ஆறு எழுத்துக்கும் இரண்டிரண்டாக எண்ணினால் 12 ஆகிறது அல்லவா? கணிப்பொறி எண்ணியது குறியீடுகளை. நாம் எண்ணியது எழுத்துகளை.

இந்த வேறுபாட்டை நீக்கித் தமிழ் எழுத்துகளைத் தமிழ் எழுத்துகளாகவே எண்ணித் தரும் நிரல் தொகுப்பு ஒன்று உண்டு. அதன் பெயர் 'ஓப்பன்-தமிழ்'. தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கியது. அதனிடம் கேட்டால் ஆறு என்றே விடை வரும். அதற்கு விலை இல்லை. அது எவ்வாறு எண்ணுகிறது என்பதை வரிக்கு வரி நீங்களே படித்தும் பார்க்கலாம். இத்தகைய மென்பொருளைத் 'திறந்த மூல மென்பொருள்' என்கிறோம்.

திறந்த மூலம் என்றால் என்ன?

நம்மூர்க் கடையில் அல்வா வாங்கலாம். ஆனால் கோதுமைப் பால் எடுக்கும் பக்குவத்தைக் கடைக்காரர் சொல்லமாட்டார். பெரும்பாலான வணிக மென்பொருள்களும் இப்படித்தான். திறந்த மூல மென்பொருளிலோ அல்வாவோடு பக்குவமும் சேர்ந்தே வருகிறது. அந்தப் பக்குவத்திற்கு 'மூலநிரல்' என்று பெயர். அதைப் படிக்கலாம், பயன்படுத்தலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். இந்த உரிமைகளை எழுத்தில் தருவது 'உரிமம்' என்னும் ஆவணம். உரிமம் இல்லாத மூலநிரல் வெறுமனே கண்ணுக்குத் தெரிவதால் மட்டும் திறந்த மூலம் ஆகிவிடாது.

இங்கே உங்களுக்கு ஓர் ஐயம் எழலாம். "யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால் குழப்பம் வராதா? ஒருவர் திருத்தியதை இன்னொருவர் கெடுத்துவிட மாட்டாரா?"

நல்ல கேள்வி. உங்களிடம் உள்ள பிரதியை நீங்கள் எப்படியும் மாற்றலாம், தடையில்லை. ஆனால் எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும் பொதுப் பிரதி ஒன்று உண்டு. அதில் ஒரு காற்புள்ளியை மாற்றவேண்டும் என்றாலும் ஒருவருடைய பார்வைக்குப் போய்த்தான் உள்ளே செல்லவேண்டும். அவரே 'பராமரிப்பாளர்'. திருத்தத்தை அனுப்புகிறவர் 'பங்களிப்பாளர்'. இவ்விருவருக்கும் இடையே உள்ள விதிகளே பொதுப் பிரதியைக் காக்கின்றன.

ஒரு திருத்தத்தின் பயணம்

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். எழுத்து எண்ணும் நிரல் ஒன்றை உங்கள் பள்ளி மாணவி ஒருத்தி எழுதிப் பொதுவில் வைத்திருப்பதாகக் கொள்வோம். திருநெல்வேலிக்கு 6, பாளையங்கோட்டைக்கு 7 என்று அது சரியாகச் சொல்கிறது. நீங்கள் 'ஸ்ரீவைகுண்டம்' என்று கொடுக்கிறீர்கள். நீங்கள் எதிர்பார்த்தது 6, வந்ததோ 7. அது 'ஸ்ரீ' என்பதை 'ஸ்', 'ரீ' என இரண்டாகப் பிரித்துவிட்டது. இப்போது என்ன செய்வீர்கள்?

முதலில் பிழையை அறிவிக்கவேண்டும். "உன் நிரல் வேலை செய்யவில்லை" என்று எழுதினால் பயனில்லை. எந்தச் சொல்லைக் கொடுத்தேன், என்ன விடை வந்தது, எந்த விடையை எதிர்பார்த்தேன், நிரலின் எந்தப் பதிப்பு என்று நான்கையும் எழுதவேண்டும். படிப்பவர் தம் கணிப்பொறியில் அதே பிழையை வரவழைத்துப் பார்க்க இயலவேண்டும். ஆய்வகக் குறிப்பேட்டில் நீங்கள் எழுதும் செய்முறையும் இதற்காகத்தானே?

அடுத்து, ஒரு திருத்தத்தில் ஒரே மாற்றம் இருக்கவேண்டும். தனி ஊசல் ஆய்வை நினைத்துப் பாருங்கள். நூலின் நீளத்தையும் குண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால், அலைவு நேரம் எதனால் மாறியது என்று எப்படிச் சொல்வது? நிரலிலும் அப்படியே. 'ஸ்ரீ'யைச் சரிசெய்யும் போதே மாறிகளின் பெயர்களையும் அழகுபடுத்தி அனுப்பினால், பின்னால் ஒரு கோளாறு வரும்போது காரணம் எதுவென்று கண்டுபிடிக்க இயலாது.

மூன்றாவது, சோதனை. 'ஸ்ரீவைகுண்டம் என்றால் 6 வரவேண்டும்' என்று ஒரு சோதனை வரியையும் சேர்த்து அனுப்பவேண்டும். பழைய சோதனைகளும் தேறவேண்டும். ஸ்ரீவைகுண்டத்தைச் சரிசெய்யப் போய்த் திருநெல்வேலியைக் கெடுத்துவிடக் கூடாது!

நான்காவது, நேர்மை. அனுப்பும் வரிகள் உங்களுடையவையா? வேறு எங்கிருந்தாவது எடுத்திருந்தால், அதற்கு உரிமம் இடம் தருகிறதா? இதற்கு நீங்கள் பொறுப்பேற்கவேண்டும்.

பராமரிப்பாளரின் சங்கடம்

இனி அந்த மாணவியின் இடத்தில் நின்று பாருங்கள். உங்கள் திருத்தம் அவளிடம் வருகிறது. அதே நாளில் மற்றொருவர் எழுதுகிறார்: "ஸ் வேறு, ரீ வேறு. ஒலி இரண்டு. ஆகவே 7 என்பதே சரி, மாற்றாதீர்கள்." நீங்களோ, "அச்சில் அது ஒரே வடிவம், ஆகவே ஒன்று" என்கிறீர்கள். இருவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

இருவகையாகவும் எண்ணும் வசதியைக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு வசதிக்கும் சோதனை வேண்டும், விளக்கக் குறிப்பு வேண்டும், பைத்தானின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் சரிபார்ப்பு வேண்டும். நீங்கள் ஒரு மாலை நேரத்தில் எழுதிய பத்து வரிகளை அவள் பத்து ஆண்டுகள் சுமக்கவேண்டும். பராமரிப்பாளர் சில வேளைகளில் நல்ல திருத்தத்தையும் ஏற்க மறுப்பதற்கு இதுவே காரணம். மறுப்பது அவருடைய உரிமை. ஆனால் காரணத்தைச் சொல்லி மறுப்பது அவருடைய கடமை. எந்த முடிவையும் காரணத்தோடு எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு அதே கேள்வியோடு வருபவருக்கு விடை ஆயத்தமாக இருக்கும்.

வேறு கடமைகளும் உள்ளன. வந்த திருத்தத்தை நெடுநாள் கிடப்பில் போடாமல் பதில் தருதல். பாதுகாப்புக் குறைகளை முதலில் கவனித்தல். பங்களித்தவர் பெயரை மறைக்காமல் பதிதல். தம்மால் இனி இயலாது என்னும்போது பொறுப்பைத் தக்கவரிடம் ஒப்படைத்தல்.

லினக்ஸ் கற்ற பாடம்

இச்சிறு நிரலுக்கு உள்ள விதிகளே மிகப் பெரிய மென்பொருளுக்கும் பொருந்துகின்றன. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் அறிவித்த லினக்ஸ், இன்று உலகின் இணையக் கணிப்பொறிகளில் பெரும்பகுதியை இயக்குகிறது. ஆண்டிராய்டு கைப்பேசியின் உள்ளேயும் அதுவே இருக்கிறது. இவ்வளவு பெரியதை ஒருவரே பார்த்துக்கொள்ள இயலுமா? எந்தப் பகுதிக்கு யார் பராமரிப்பாளர் என்னும் பட்டியல் மூலநிரலோடு சேர்ந்தே இருக்கிறது. திருத்தம் முதலில் அப்பகுதிக்குரியவரிடம் செல்லும். அவர் தேர்ந்தெடுத்தவையே மேலே போகும்.

2004-ஆம் ஆண்டு முதல் அங்கே இன்னொரு விதியும் உண்டு. அனுப்புகிறவர், "இதைத் தருவதற்கு எனக்கு உரிமை உண்டு" என்று உறுதி கூறித் தம் பெயரைக் கையொப்பம்போல் இடவேண்டும். வழியில் அதை ஏற்று அனுப்பும் பராமரிப்பாளர்களும் தத்தம் பெயரைச் சேர்க்கிறார்கள். ஆகவே ஒரு வரி யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று பின்னாளிலும் தேடிக் காணலாம். 2005-இல் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' என்னும் கருவி இந்த வரலாறு முழுவதையும் பாதுகாக்கிறது.

அரை விநாடி காட்டிக்கொடுத்தது

விதிகள் இருந்தும் காவலர் சோர்ந்துவிட்டால் என்ன ஆகும்? 2024-இல் நடந்ததைக் கேளுங்கள்.

கோப்புகளைச் சுருக்குவதற்கு 'எக்ஸ்-இசட்' என்றொரு சிறு மென்பொருள் உண்டு. லினக்ஸ் இயங்கும் எண்ணற்ற கணிப்பொறிகளில் அது இருக்கிறது. பல ஆண்டுகளாக அதைப் பராமரித்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாசே காலின் என்னும் ஒரே மனிதர். அதுவும் ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில். ஜியா டான் என்னும் பெயரில் ஒருவர் நல்ல திருத்தங்களை அனுப்பத் தொடங்கினார். அதே காலத்தில் வேறு சிலர், "ஏன் இவ்வளவு தாமதம்? வேறொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள்" என்று காலினை நெருக்கினர். பொறுமையாக உழைத்து நம்பிக்கை பெற்ற ஜியா டான், இணைப் பராமரிப்பாளர் ஆனார். பின்னர் 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெளிவந்த 5.6.0, 5.6.1 என்னும் பதிப்புகளில், சோதனைக் கோப்புகள் போன்ற தோற்றத்தில் ஒரு கள்ளக் கதவை ஒளித்து வைத்தார். அது பரவியிருந்தால், தொலைவிலிருந்து உலகின் பல கணிப்பொறிகளுக்குள் அவர் நுழைந்திருக்க முடியும்.

அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் பிராய்ண்டு என்னும் பொறியாளர். தம் கணிப்பொறிக்குள் தொலைவிலிருந்து நுழைய முயலும்போது ஆகும் நேரத்தை அளந்தார். முன்பு 0.299 விநாடி ஆனது, இப்போது 0.807 விநாடி. வேறுபாடு 0.508 விநாடி. வேறொருவர் இதைப் பொருட்படுத்தியிருக்கமாட்டார். அவர் காரணத்தைத் தேடினார். மூலநிரல் திறந்திருந்ததால் தேட முடிந்தது. 2024 மார்ச் 29 அன்று உலகிற்கு அறிவித்தார். அப்பதிப்புகள் பெரும்பாலும் சோதனை நிலையில் உள்ள லினக்ஸ் தொகுப்புகளையே எட்டியிருந்ததால் பெருங்கேடு தவிர்ந்தது.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. கதவு திறந்திருந்தது குற்றமன்று. உலகமே பயன்படுத்திய ஒன்றை ஒருவர் தலையில் சுமத்திவிட்டு, நன்றி கூறவும் மறந்து, அவரை நெருக்கவும் செய்தார்களே, அதுதான் குற்றம். உரிமங்களில் பெரும்பாலானவை, "உள்ளது உள்ளபடி தருகிறோம்; உத்தரவாதம் இல்லை" என்றே கூறுகின்றன. பராமரிப்பாளரைச் சட்டம் கட்டாயப்படுத்தாது. அவர் மனச்சான்றும் மற்றவர் துணையுமே அவரை நடத்துகின்றன.

மானூர்க் கல் சொல்லும் விதி

பொதுச் சொத்தைச் சேர்ந்து காப்பது நமக்குப் புதிதன்று. தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கோடைமேலழகியான் தொடங்கி மருதூர் வரையுள்ள ஏழும் பழங்காலத்தவை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் எழுந்தது. இத்தகைய கால்வாய்களையும் குளங்களையும் ஊரார் கூடித் தூர் வாரும் வழக்கத்திற்குக் 'குடிமராமத்து' என்று பெயர். தண்ணீரை வயலுக்கு வயல் பகிர்ந்துவிட 'நீர்ப்பாய்ச்சி' என ஒருவர் இருப்பார். தமக்கு வேண்டிய இடத்தில் ஆளுக்கொரு மடை வெட்டினால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது என்பதை எல்லாரும் அறிவர்.

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் மானூர் இருக்கிறது. அங்குள்ள கோயிலில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில், சுமார் 1200 ஆண்டுகளுக்கு முன் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று உண்டு. ஊர்ச் சபையில் யார் பங்கு கொள்ளலாம் என்னும் விதிகளை அது கூறுகிறது. அவற்றில் ஒன்று சுவையானது. எந்தக் கருத்து வந்தாலும் 'அன்று, அன்று' என்று மறுத்தே காரியத்தைத் தடுப்பவர்கள் ஐந்து காசு தண்டம் கட்டவேண்டும்!

அந்தச் சபையில் நிலப்பங்கும் வேதக் கல்வியும் உடையவர்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. ஊரின் மற்ற மக்களுக்கு இல்லை. திறந்த மூலத்தில் அந்தத் தடை இல்லை. உங்கள் வயதோ ஊரோ அங்கே கேட்கப்படுவதில்லை. அனுப்பிய வேலை சரியா என்பதே கேள்வி. ஆயினும் மானூர் விதியின் உட்பொருள் இன்றும் பொருந்தும். காரணம் சொல்லாமல் மறுத்துக்கொண்டே இருப்பவர் காவலர் அல்லர். ஆராயாமல் எல்லாவற்றையும் உள்ளே விடுபவரும் காவலர் அல்லர்.

நீங்கள் செய்யக்கூடியவை

நிரல் எழுதத் தெரிந்தால்தான் பங்களிக்க முடியும் என்பதில்லை. பிழையைத் தெளிவாக அறிவிப்பதும், விளக்கக் குறிப்பைத் தமிழில் எழுதித் தருவதும் பங்களிப்பே. எந்தத் திட்டத்திலும் நுழையுமுன் அதன் உரிமத்தையும் பங்களிப்பு விதிகளையும் படியுங்கள். பதில் வரத் தாமதமானால் பொறுமையாக இருங்கள்; மறுமுனையில் இருப்பவரும் வேலை முடிந்து வீடு வந்து உட்கார்ந்த ஒரு மனிதர்தான்.

சிந்தித்துப் பாருங்கள்

1. 'தாமிரபரணி' என்னும் சொல்லில் எழுத்துகள் எத்தனை? யூனிகோடு குறியீடுகள் எத்தனை? (விடை: 6; 9. ஏன் 12 ஆகவில்லை?)

2. 'ஸ்ரீ' ஒன்றா, இரண்டா? நீங்கள் பராமரிப்பாளராக இருந்தால் என்ன முடிவு செய்வீர்கள்? உங்கள் முடிவை ஏற்காத நண்பரும் ஒப்புக்கொள்ளும்படி, காரணத்தை ஐந்து வரிகளில் எழுதுங்கள்.