அர்ச்சுனன் பெயர் பத்து

நுழையும்முன்

இயற்கையின் அழகில் மகிழ்வது எளிது. அதன் ஆற்றலை அறிந்து மகிழ்வதற்குப் பயிற்சி வேண்டும். இளமையில் இடியோசைக்கு மனத்தைப் பறிகொடுத்த ஒருவர், அவ்விருப்பம் அச்சத்தையும் அறிவையும் கடந்து வந்த வழியை இக்கட்டுரையில் நினைவுகூர்கிறார்.

திண்ணையில் கேட்ட இடி

ஆற்றுப் பாசனம் இல்லாத கரிசல் காட்டுச் சிற்றூரில் வளர்ந்தவன் நான். சித்திரை மாதப் பிற்பகல்களில் வேம்பின் இலைகூட அசையாது. அப்போது மேற்கே ஒரு வெண்முகில் கோபுரம்போல் எழும். சிறிது நேரத்தில் அதன் அடி கறுக்கும். முற்றத்தில் காயும் வற்றலை வாரிக்கொண்டு பெண்கள் வீட்டிற்குள் ஓடுவர். நானோ வீட்டிற்குள்ளிருந்து திண்ணைக்கு ஓடுவேன்.

முதல் மின்னல் வெட்டியதும் ஆச்சி என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, “அர்ச்சுனா, பற்குணா, பார்த்தா” என்று தொடங்குவார். இடி முழங்கும்போது அர்ச்சுனனின் பத்துப் பெயர்களைச் சொன்னால் தீங்கு நேராது என்பது ஊராரின் நம்பிக்கை. ஆச்சிக்கு அது வேண்டுதல், எனக்கு விளையாட்டு. சில வேளைகளில் இரண்டு பெயர்களுக்குள் இடி அதிர்ந்துவிடும். சில வேளைகளில் பத்துப் பெயர்களும் முடிந்த பின்னரே தொலைவில் உருளும். அப்படி உருண்டால், “எட்டத்தில்தான் இடிக்கிறது, போய் விளையாடு” என்று என்னை விட்டுவிடுவார்.

முகிலின் உள்ளே

பெயர்களின் எண்ணிக்கை மாறுவது ஏன் என்பதை ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் ஆசிரியர் விளக்கினார். மின்னலும் இடியும் ஒரே நேரத்தில் தோன்றுகின்றன. ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஒலி ஏறத்தாழ 340 மீட்டரே செல்கிறது. ஆகவே, மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று நொடிகள் கழிந்தால், மின்னல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் வெட்டியது என அறியலாம்.

சூடேறிய ஈரக்காற்று மேலெழுந்து குளிர்கையில் கார்முகில் திரள்கிறது. அதனுள் பனிப் படிகங்களும் சிறு ஆலங்கட்டிகளும் மோதிக்கொள்வதால் மின்னூட்டம் பிரிகிறது. பெரும்பாலும் முகிலின் மேற்பகுதி நேர்மின்னூட்டமும் கீழ்ப்பகுதி எதிர்மின்னூட்டமும் பெறுகின்றன. அவ்வேறுபாடு மிகும்போது மின்னல் பாய்கிறது. அது பாயும் தடத்தில் வெப்பம் ஏறத்தாழ 30,000 டிகிரி செல்சியசை எட்டும்; இது கதிரவனின் மேற்பரப்பு வெப்பநிலையைப்போல் ஐந்து மடங்கு. அந்த வெப்பத்தால் காற்று திடீரென விரிந்து அதிர்வதே இடி. இதை அறிந்த பின் என் விருப்பம் இருமடங்காயிற்று.

வேம்பின் அடியில்

மறு கோடையில் எங்கள் ஊரில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், மழைக்கு ஒதுங்கி வேம்பின் அடியில் நின்றார். இடி எட்டத்தில்தான் கேட்டதென்று அவருடன் சென்ற சிறுவன் அழுதுகொண்டே சொன்னான். மின்னல் மரத்தில் இறங்கியது, பெரியவர் பிழைக்கவில்லை. ஆச்சி அன்றிரவு பெயர்களைச் சொல்லவில்லை. நான் விரும்பிக் கேட்ட ஓசை ஒரு வீட்டில் ஒப்பாரியாக மாறியதை எண்ணிப் பல நாள் வானத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

எங்கள் கணக்கில் இருந்த பிழை பின்னரே புரிந்தது. பத்துப் பெயர்களுக்குப் பத்து நொடி. தொலைவு மூன்று கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். மின்னலோ முகிலிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு அப்பாலும் பாய வல்லது. எட்டம் என்று நாங்கள் எண்ணியது எட்டும் தொலைவாகவே இருந்தது.

அஞ்சியும் விரும்பியும்

இவ்விரு உணர்வுகளையும் நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். முல்லைத்திணைத் தலைவிக்குக் கார்கால இடி, பிரிந்து சென்ற தலைவன் திரும்பும் பருவத்தை அறிவிக்கிறது. குறிஞ்சித்திணைத் தலைவியோ, இரவில் மலைவழியே வரும் தலைவனுக்கு இடியால் ஏதம் நேருமோ என அஞ்சுகிறாள். பாம்பையும் நடுங்கச் செய்யும் உருமேறு சங்கப் பாடல்களில் பலமுறை முழங்குகிறது. ஒரே ஓசை ஒருத்திக்கு நம்பிக்கை, மற்றொருத்திக்கு நடுக்கம்.

இன்றும் மேற்கு கறுத்தால் என் மனம் திண்ணைக்கு ஓடுகிறது. ஆனால், கால்கள் வீட்டிற்குள் செல்கின்றன. மூடிய சன்னலுக்குச் சற்று விலகி நின்று பார்க்கிறேன். மின்னல் வெட்டியதும் உதடுகள் தாமாகவே ஆச்சியின் பெயர்களைத் தொடங்குகின்றன. இப்போது அவற்றை மும்முறை சொல்கிறேன். முப்பது பெயர்கள் முடியுமுன் இடி கேட்டால், பேத்தியை முற்றத்திற்கு விடுவதில்லை.

தெரிந்து தெளிவோம்

* மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிகளுக்குக் குறைவாக இருந்தால், உடனே கட்டடத்திற்குள் செல்ல வேண்டும். இறுதி இடிக்குப் பின் 30 நிமிடங்கள் வெளியே வரக்கூடாது.
* தனிமரத்தின் அடியிலும் திறந்த வெளியிலும் நீர்நிலையிலும் நிற்றல் ஆகாது.
* மின்னல் எச்சரிக்கை தரும் ‘தாமினி’ செயலியைப் புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கியுள்ளது.

கற்பவை கற்றபின்

1. இடி, மின்னல் குறித்து உங்கள் ஊரில் வழங்கும் நம்பிக்கைகளைத் தொகுத்து, அவற்றுள் அறிவியலோடு பொருந்துவன எவை என வகுப்பில் கலந்துரையாடுக.
2. நீங்கள் அஞ்சியும் விரும்பியும் நோக்கிய இயற்கை நிகழ்வு ஒன்றைப் பற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.